கணக்கு பார்த்தாச்சு டாக்டர், அடுத்து நான் எங்கே போறது?

நீளமான த்ரெட். வலி மாத்திரை, அடிமைப்பழக்கம், அரசாங்கக் கணினி மூணும் கலந்து வரும். பொறுமை இருக்கிறவங்க வாங்க.

போன வாரம் மதுரையிலிருந்து காலேஜ் ஜூனியர் தம்பி ஒருத்தன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணே, டாபென்டடால் மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கிற பசங்க வார்டுக்கு வந்துட்டே இருக்காங்க. அமெரிக்கால யார் யாருக்கு என்ன மாத்திரை எழுதுறாங்கனு கண்காணிக்க எல்லா ஸ்டேட்லயும் கம்ப்யூட்டர் சிஸ்டம் இருக்காமே? அதே மாதிரி இங்கயும் சட்டம் வேணும்னு ஒரு மனு ரெடி பண்றோம். நீங்க அங்கதானே இருக்கீங்க, எப்படி வேலை செய்யுதுனு நாலு வரி எழுதிக் கொடுங்கண்ணே."

நாலு வரியில் முடியலை தம்பி. உனக்கு எழுத ஆரம்பிச்சதைத்தான் இங்கே போடறேன்.

முதல்ல அடிப்படை. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு சட்டப்படி, பழக்கமாகிவிடும் அபாயம் உள்ள மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஹெராயின் முதல் அட்டவணை. அதை எந்த டாக்டரும் எழுத முடியாது. மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில் எல்லாம் இரண்டாவது. நம்ம ஊர்ல தூக்கம் வரலைன்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கடன் வாங்கிப் போடற அல்பிரசோலம் நான்காவது.

இந்த மருந்துகளில் ஒன்றை மருந்துக்கடை கொடுத்தால், யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை மாத்திரை, எத்தனை நாளைக்கு என்ற விவரம் மாநில அரசின் தரவுத்தளத்துக்குப் போய்விடும். நான் வேலை பார்க்கும் கென்டக்கியில் ஒரு வேலைநாளுக்குள் போயாக வேண்டும். அடுத்த முறை இன்னொரு டாக்டர் எழுதுமுன் அந்த நோயாளியின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். 2012 ஜூலையிலிருந்து இங்கே பார்க்கலாம் இல்லை, பார்த்தே ஆகணும். சுருக்கமாகப் பிடிஎம்பி என்பார்கள். கென்டக்கியின் சிஸ்டத்துக்குப் பெயர் காஸ்பர். 1999இல் ஆரம்பித்தபோது டாக்டர் ஃபேக்ஸில் கேட்பார், பதிலும் ஃபேக்ஸில் வரும்.

இது நல்ல சிஸ்டம். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி நான் புலம்பப் போறதைப் பார்த்துட்டு "அப்போ வேண்டாம்ங்கிறீங்களா"னு யாராவது கேட்பீங்க.

ஒரு உதாரணம். (நோயாளிகளின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதறேன்.) அறுபத்தெட்டு வயசு அம்மா. முழங்கால் வலிக்கு என்னிடம் ஹைட்ரோகோடோன். பதட்டத்துக்கு வேறொரு டாக்டரிடம் குளோனாசிபாம். பல் பிடுங்கின இடத்தில் இன்னொரு வலி மாத்திரை. மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. அந்தம்மா யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டிருந்தால் கைப்பையைத் திறந்து எல்லா டப்பாவையும் மேசை மேல் வைத்திருப்பார். நாங்கள் யாரும் கேட்கலை. ஓபியாய்டும் பென்சோடயசிபைனும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு குறையும், சில சமயம் நின்றே போகும். அன்று காஸ்பர் திரையைப் பார்த்ததால் இரண்டு டாக்டர்களுக்கும் போன் போட்டேன். அந்தம்மா இன்னும் வருகிறார். போன தடவை வீட்டில் செய்த சோள ரொட்டி கொண்டு வந்தார்.

இப்போ இன்னொருத்தர்.

நான் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்து வந்தவன். விசா நிபந்தனைப்படி, டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூணு வருஷம் வேலை செய்தால்தான் இந்த நாட்டில் தங்கலாம். அப்படித்தான் 2012இல் கிழக்கு கென்டக்கிக்குப் போனேன். மலை, நிலக்கரிச் சுரங்கம், மூடிக்கிடந்த கடைகள். அதே வருஷம்தான் காஸ்பரைக் கட்டாயமாக்கிய சட்டமும் வந்தது. நானும் புதுசு, சட்டமும் புதுசு.

அவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, நாற்பத்தொன்பது வயசு. சுரங்கத்தில் கூரைப் பாறை சரிந்து முதுகெலும்பில் அடி, இரண்டு ஆபரேஷன். எனக்கு முன்பிருந்த டாக்டர் வருஷக்கணக்காக ஹைட்ரோகோடோன் எழுதிக்கொண்டிருந்தார், நானும் தொடர்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் காஸ்பர் அறிக்கையில் மூணு பெயர்: நான், பக்கத்து கவுன்ட்டி டாக்டர் ஒருவர், அப்புறம் ஒரு பல் டாக்டர்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பிரின்ட் எடுத்து அவர் முன்னால் வைத்தேன், போலீஸ்காரன் கைரேகையைக் காட்டுற மாதிரி. "இனிமே நான் எழுத முடியாது" என்றேன். கிளினிக் விதிப்படி முப்பது நாள் அவகாசத்தோடு ஒரு கடிதம்: வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளவும்.

அவர் கோபப்படலை, அழவும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "சரி டாக்டர், அடுத்து நான் எங்கே போறது?"னு கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அடிமைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் ப்யூப்ரெனார்ஃபினை எழுத அப்போது தனி அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு சட்டப்படி எட்டு மணி நேர வகுப்புக்குப் போகணும், அதன் பிறகும் முதல் வருஷம் முப்பது பேருக்கு மேல் எழுதக்கூடாது. நான் போகலை. எங்க கவுன்ட்டியில் அந்த அனுமதி யாரிடமும் இல்லை. மெதடோன் கிளினிக் ஒன்றரை மணி நேர கார் பயணம், தினமும் போய்வரணும்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. ஆக்சிகோடோன் எழுத எனக்கு அப்போது அப்படி எந்தத் தனி வகுப்பும் கிடையாது. எத்தனை பேருக்கு எழுதலாம் என்ற வரம்பும் கிடையாது. அதிலிருந்து ஒருத்தரை மீட்கும் மருந்துக்கு மட்டும் வகுப்பு, வரம்பு, தனி நம்பர்! அந்தக் கூத்து 2022 டிசம்பரில்தான் சட்டப்படி ஒழிந்தது. இருபத்திரண்டு வருஷம்.

பதினாலு மாசம் கழித்து மரண விசாரணை அலுவலகத்திலிருந்து போன். அவருடைய பழைய மருத்துவப் பதிவுகள் வேணுமாம். ஹெராயின். நான் கடிதம் கொடுத்த நாள் வரைக்கும் அவர் கையில் ஊசி தழும்பு ஒண்ணுகூட இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் ரத்த அழுத்தம் பார்த்தவன்.

அன்றைக்கு நான் சட்டத்தின் ஒரு வரியையும் மீறலை. காஸ்பரில் பார்த்தேன், பதிவு செய்தேன், எழுத மறுத்தேன். ஆடிட்டில் நூற்றுக்கு நூறு.

சட்டத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி சட்டத்தைப் படிக்கணும் இல்லையா? படிச்சேன், ரொம்ப லேட்டா.

மத்தியில் இதற்கு இரண்டு வழிகளில் பணம் வருகிறது. இரண்டுக்கும் பின்னால் கென்டக்கிக்காரர்கள். ஒன்று ஹெரால்டு ராஜர்ஸ் என்ற எம்.பி. பெயரிலான மானியம், 2002இல் ஆரம்பித்தது, நீதித்துறை வழியாக வருவது. இன்னொன்று நாஸ்பர் என்ற சட்டம். எட் விட்ஃபீல்டு என்ற எம்.பி. கொண்டு வந்தது, 2005 ஆகஸ்டில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டது, சுகாதாரத்துறை வழியாக வருவது. பெயரிலேயே தெரியும், எங்க காஸ்பரைப் பார்த்துத்தான் அதற்கு நாஸ்பர் என்று வைத்தார்கள்.

நாஸ்பர் சட்டத்தின் நோக்கப் பகுதி அழகானது. அடிமையாகும் அபாயத்தில் இருக்கும் நோயாளியைச் சீக்கிரமே அடையாளம் கண்டு, தகுந்த சிகிச்சையை ஆரம்பிக்க இந்தத் தகவல் ஒரு கருவியாகணும் என்று சொல்கிறது. சிகிச்சையை ஆரம்பிக்க. என் கடிதத்தில் இல்லாத வார்த்தை.

ஆனால் காசு? ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 6 கோடி டாலர் வரை செலவு செய்யலாம் என்று சட்டம் அனுமதித்தது. அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுறதும் பந்தியில் இலை போடுறதும் ஒண்ணா? நாடாளுமன்றம் 2009லும் 2010லும் தலா 20 லட்சம் டாலர் ஒதுக்கியது, அவ்வளவுதான். நீதித்துறை மானியம்தான் வருஷா வருஷம் ஓடி, மாநிலம் மாநிலமாக இந்த சிஸ்டத்தைக் கட்டியது. சிடிசி என்ற நோய்த்தடுப்பு மையத்தின் பணம் பின்னாடி வந்தது. 2016இல் நாஸ்பரையும் தூசி தட்டிப் புதுப்பித்தார்கள். அதற்குள் கட்டடம் எழும்பிவிட்டது.

என் கருத்து இதுதான். காசு எந்த வாசல் வழியா வந்ததோ அந்த வாசலின் குணம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நீதித்துறையைத் திட்டலை, அவங்க வேலை கள்ளச்சந்தையைப் பிடிப்பது, பிடித்தார்கள். ஆனால் திரையைத் திறக்கும் டாக்டர் மனசில் முதலில் எழும் கேள்வி "இந்த ஆள் என்னை ஏமாத்துறானா?" என்றாகிவிட்டது. "இவருக்கு இன்னொரு வியாதி வந்திருக்கா?" என்ற கேள்வியை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலை, அதற்குக் காசும் ஒதுக்கலை.

கள்ளச்சந்தை எவ்வளவு பெரிசா இருந்ததுன்னும் சொல்லணும், இல்லாட்டி நியாயமில்லை. ஃப்ளோரிடாவில் 2011 வரைக்கும் இயங்கும் பிடிஎம்பி கிடையாது. கடையோரம் வரிசையாக "வலி கிளினிக்". பணத்தைக் கட்டினால் ஆக்சிகோடோன் டப்பா. கென்டக்கியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் 75ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே போய் வாங்கி வந்தார்கள். எங்க காஸ்பர் திரையில் அவர்கள் பெயர் சுத்தமாக இருக்கும், ஏன்னா வாங்கினது பக்கத்து மாநிலத்தில்கூட இல்லை, ஆயிரம் மைல் தள்ளி. இதில் வேடிக்கை, 2009இலேயே ஃப்ளோரிடாவில் சட்டம் போட்டாச்சு. 2011 தொடக்கத்தில் புது கவர்னர் ரிக் ஸ்காட் அதை ரத்து செய்யப் பார்த்தார். கென்டக்கியிலிருந்து கத்தின கத்தில் அது நடக்கலை. கடைசியாகச் சேர்ந்த மாநிலம் மிசௌரி: 2021இல் சட்டம், 2023 டிசம்பரில்தான் இயங்க ஆரம்பித்தது. அதுவரை செயின்ட் லூயி கவுன்ட்டி தானே ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. ஒரு மாநிலம் மட்டும் செய்து பிரயோசனமில்லை, மத்திய சட்டமும் மத்தியப் பணமும் வேணும் என்று நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சரி, பலன்?

2012இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஓபியாய்டு சீட்டுகள் 25 கோடிக்கு மேல். 2020இல் சுமார் 14 கோடி. பெரிய இறக்கம்.

2012இல் போதைமருந்து அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 41,500. 2020இல் சுமார் 91,800. அடுத்த வருஷம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பாருங்க. இதற்கு பிடிஎம்பிதான் காரணம் என்று நான் சொல்லலை, அப்படிச் சொன்னா அது பொய். 2010இல் ஆக்சிகான்டினை நசுக்க முடியாதபடி மாற்றினார்கள், பலர் ஹெராயினுக்குப் போனார்கள், 2013 வாக்கில் கள்ள ஃபென்டனில் சந்தைக்குள் வந்தது. காரணம் பல. ஆனால் ஒண்ணு நிச்சயம்: சீட்டைக் குறைத்தால் சாவு குறையும் என்ற கணக்கு தப்பு. குழாயை மூடினோம், தாகம் எடுத்தவன் சாக்கடைக்குப் போனான். 2024இல் மரணம் சுமார் 80,000 ஆக இறங்கியிருக்கிறது. நலோக்சோன் ஸ்ப்ரே கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது, ப்யூப்ரெனார்ஃபின் எல்லா டாக்டரும் எழுத முடிவது இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்பறேன்.

ப்யூப்ரெனார்ஃபின், மெதடோன் இரண்டும் தொடர்ந்து கிடைத்தால், இந்த நோயாளிகள் சாகும் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பலமான சிகிச்சைகள் ரொம்ப இல்லை. நான் அந்த வெள்ளிக்கிழமை கொடுத்தது கடிதம்.

திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று 2019 ஏப்ரலில் எஃப்டிஏவே எச்சரித்தது: கடும் விலகல் உபாதை, தற்கொலை வரைக்கும். பிடிஎம்பி அறிக்கையை வைத்து நோயாளியை வெளியே அனுப்பாதீர்கள் என்று சிடிசி வழிகாட்டி 2016லேயே சொன்னது, 2022லும் சொன்னது. அது வழிகாட்டி. "பார்த்தே ஆகணும்" என்பது சட்டம். பார்க்காவிட்டால் லைசென்ஸ் போகும், அனுப்பிவிட்டால் ஒண்ணும் ஆகாது. பயந்த டாக்டர் எதைச் செய்வார்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு விஷயம், மதிப்பெண். பல மாநிலங்களில் திரையில் இப்போது வெறும் பட்டியல் வருவதில்லை. நார்க்ஸ்கேர் என்ற தனியார் மென்பொருள் 000 முதல் 999 வரை ஒரு எண் போடுகிறது. எத்தனை டாக்டர், எத்தனை கடை, எத்தனை சீட்டு என்றெல்லாம் பார்த்துப் போடுகிறது. சூத்திரம் என்ன என்பது கம்பெனி ரகசியம். ஓஹாயோவில் இருக்கும் நண்பர் ஒருத்தர், "பிளஸ் டூ மார்க் மாதிரி இருக்குடா, இங்கே அதிகமா எடுத்தாத்தான் ஃபெயில்" என்றார்.

யோசிச்சுப் பாருங்க, அதிக டாக்டர்களிடம் போறவங்க யார்? புற்றுநோய்க்காரர்கள்தான். என்னிடம் வாய்ப்புற்றுநோய் நோயாளி ஒருத்தர் இருந்தார். சர்ஜன் ஒரு சீட்டு, ரேடியேஷன் டாக்டர் ஒரு சீட்டு, ராத்திரி வலி தாங்காமல் போன எமர்ஜென்சியில் ஒரு சீட்டு, நான் ஒண்ணு. காகிதத்தில் அசல் "டாக்டர் ஷாப்பிங்". ஒரு மருந்துக்கடையில் மாத்திரை தர மறுத்துட்டாங்க. பேசவே முடியாத மனுஷன் கவுன்டரில் நின்று பேப்பரில் எழுதிக் காட்டியிருக்கிறார். நான் போன் போட்டுக் கத்தின பிறகு கொடுத்தார்கள். 2021இல் வயர்டு இதழில் இதைவிட விசித்திரமான கதை வந்தது. ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் எகிறிவிட்டது, வலிக்குச் சிகிச்சை கிடைக்கலை. காரணத்தைத் தோண்டினால், அவர் வளர்த்த நாய்களுக்குக் கால்நடை டாக்டர் எழுதிய மருந்துகள் அவர் பெயரில் ஏறியிருந்தன.

அந்தரங்கம் பற்றிச் சுருக்கமா. நியூயார்க்கில் 1972இல் இப்படி ஒரு சட்டம் வந்து, நோயாளிகள் வழக்குப் போட்டு, 1977இல் உச்ச நீதிமன்றம் அரசு பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த விவாதம் முடிந்த கதை. ஆனால் போலீஸ் என்ன காகிதத்தோடு வந்தால் திறந்து காட்டுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் நீதிபதியின் வாரன்ட் வேணும், சில இடங்களில் விசாரணை நடக்குதுன்னு சொன்னாலே போதும். எல்லா இடத்திலும் வாரன்ட் கட்டாயம் ஆகணும். நோயாளி தன் அறிக்கையைத் தானே பார்க்கவும், தப்பு இருந்தால் திருத்தவும் எளிய வழி வேணும். வங்கிக் கடன் மதிப்பெண்ணுக்கே அந்த உரிமை இருக்கு.

தம்பி, இப்போ உன் மனுவுக்கு வர்றேன்.

நம்ம ஊரில் ஷெட்யூல் எச்1 என்று ஏற்கெனவே ஒரு விதி இருக்கு, உனக்கே தெரியும். 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம், ட்ரமடால் மாதிரி மருந்துகளை விற்றால் தனி நோட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூணு வருஷம் வைத்திருக்கணும். எழுதுறாங்களா என்பதை உன் தெருமுனைக் கடையில் போய்ப் பார். எழுதினாலும் அந்த நோட்டு அடுத்த கடை நோட்டோடு பேசாது. அதைக் கணினியில் ஏற்றுவதை நான் முழுசா ஆதரிக்கிறேன்.

ஆனால் நமக்கு 1985 ஞாபகம் இருக்கணும். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் பயந்தன. புற்றுநோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள். டாக்டர் ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்காகப் போராடி 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கடுமையான சட்டம் முதலில் தடுக்கிறது கள்ளக்கடத்தல்காரனை இல்லை, பயந்த டாக்டரைத்தான். கேன்சர் வார்டில் வேலை பார்த்த நீயே அதைப் பார்த்திருப்பே.

அதனால மனுவில் இதைச் சேர். கண்காணிப்புக்கு ஒரு ரூபாய் கேட்டால் சிகிச்சைக்கும் அதே சட்டத்தில், அதே பட்ஜெட் வரியில் ஒரு ரூபாய் கேள். தனித்தனிச் சட்டமா விட்டா எது பட்டினி கிடக்கும்னு நாஸ்பர் காட்டியாச்சு. பொறுப்பு சுகாதாரத்துறையிடம் இருக்கட்டும். அறிக்கையை மட்டும் வைத்து நோயாளியை வெளியே அனுப்பக்கூடாது என்பதை வழிகாட்டியில் போடாதே, சட்டத்திலேயே போடு. புற்றுநோய்க்கும் வலிநிவாரணப் பிரிவுக்கும் விலக்கு. மதிப்பெண் போட்டால் சூத்திரம் பொதுவில் இருக்கணும். இதெல்லாம் இழுத்துக்கிட்டே போகும், கமிட்டியில் ஒருத்தர் கொட்டாவி விடுவார். அப்போ ஒரே ஒரு கேள்வியை மட்டும் விடாம கேள்: வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு, உசிலம்பட்டியில் ஒரு பையன் பெயருக்கு எதிரே திரையில் சிவப்பு வருது. திங்கட்கிழமைக்குள் அவனை எந்த டாக்டர் பார்ப்பார்? ஊர் பெயரோடு, கட்டட விலாசத்தோடு பதில் வாங்கு.

நான் இப்போ லெக்சிங்டன் பக்கம் வந்துட்டேன். ப்யூப்ரெனார்ஃபின் எழுதறேன், அந்த எட்டு மணி நேர வகுப்புக்குப் போனது 2015இல், அந்தப் போன் வந்த பிறகு. காஸ்பரைத் திறக்கும்போது மானிட்டரை நோயாளி பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "வாங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்கிறேன். பாதிப் பேர் நான் கேட்கும் முன்னாலேயே விரலை வைத்துக் காட்டிடறாங்க, "இது நான் வாங்கினதுதான் டாக்டர், முடியலை" என்று.

கேள்வி இருந்தா கமெண்ட்டில் போடுங்க. இன்னைக்கு நைட் ட்யூட்டி, பதில் லேட்டாகும். யாருக்கு எந்த மாத்திரை எவ்வளவு போடலாம்னு மட்டும் இன்பாக்ஸில் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.